எஸ்டிஜி ஆராய்ச்சில எது ட்ரெண்டு, எந்த டாபிக் எடுக்கறதுன்னு கேட்ட தங்கச்சிக்கு

கேள்விய சுருக்கமா மறுபடி சொல்லிடறேன், நடுவுல வந்து படிக்கறவங்களுக்கும் புரியணும். எஸ்டிஜின்னா 2030க்குள்ள உலகம் எட்டணும்னு ஐநா வச்ச நீடித்த வளர்ச்சி இலக்குங்க. திருவொற்றியூர் பக்கம் இருக்கற ஒரு தங்கச்சி, என்விரான்மென்டல் சயின்ஸ்ல எம்எஸ்சி முடிச்சிட்டு பிஎச்டி சேரப்போறாங்க, கைடு "நீடித்த வளர்ச்சி, எஸ்டிஜி, இதுல உலக அளவுல இப்போ எது ட்ரெண்டுன்னு பாத்துட்டு டாபிக் கொண்டு வாம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு, ஸ்கோபஸ்ங்கற ஆய்வுக் கட்டுரை தேடல் தளத்துல போய் தேடினா பேப்பரா கொட்டுது, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, எது அரைச்ச மாவு எது இனிமே வரப்போறது, சாட்டிலைட், ஏஐ இதெல்லாம் எப்படின்னு யாராவது சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. நான் இந்தத் துறைல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், பாதி நாள் ஃபீல்டு, பாதி நாள் தரமணில ஆபீஸ். எனக்குத் தெரிஞ்சத கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்கம்மா.

மொதல்ல ஒன்ன பிரிச்சுக்கணும். ட்ரெண்டுன்னு ரெண்டு இருக்கு. ஒன்னு வார்த்தை ட்ரெண்டு. சர்குலர் எகானமி, நெட் ஜீரோ, ரெசிலியன்ஸ், ஈஎஸ்ஜி, இப்போ ஏஐ, இதெல்லாம் தலைப்புல இருந்தா பேப்பர் சீக்கிரம் கண்ணுல படும், அதனால எல்லாரும் போடறாங்க, நாலு வருஷம் கழிச்சு வேற வார்த்தை வரும். இன்னொன்னு கேள்வி ட்ரெண்டு, அதாவது இந்தத் துறைல இருக்கறவங்க எதைக் கேக்கறாங்கங்கறது எப்படி மாறியிருக்குங்கறது. இது மெதுவா மாறும், ஆனா மாறினா திரும்பி வராது. உங்க பிஎச்டி முடிய எப்படியும் நாலஞ்சு வருஷம் ஆகும், அதனால ரெண்டாவதைத்தான் நம்பணும். நான் சொல்லப்போறதும் அதைப் பத்திதான்.

பழைய கதைய வேகமா ஓட்டிடறேன். 1972ல ஸ்டாக்ஹோம் மாநாடு, இந்திரா காந்தி போய் பேசினாங்க, வறுமைய ஒதுக்கி வச்சிட்டு சுற்றுச்சூழல் மட்டும் பேச முடியாதுங்கறது அங்கேயே வந்துடுச்சு. 1987ல ஐநா அமைச்ச பிரன்ட்லண்ட் கமிஷனோட அறிக்கை, இப்போ எல்லா தீசிஸோட மொத பக்கத்துலயும் இருக்கற அந்த விளக்கம், வரப்போற தலைமுறையோட தேவைல கை வைக்காம இப்போ இருக்கறவங்க தேவைய தீத்துக்கறதுங்கறது, அங்கேருந்து வந்ததுதான். 1992ல ரியோ மாநாடு. 2000ல எட்டு இலக்கோட எம்டிஜி, அதாவது எஸ்டிஜிக்கு முன்னாடி இருந்த ஐநா இலக்குங்க, 2015 செப்டம்பர்ல 17 இலக்கு, 169 டார்கெட்டோட எஸ்டிஜி. இத பத்து பக்கத்துக்கு எழுதாதீங்க, ஒரு பத்தி போதும். படிக்கறவங்களுக்கு இது மனப்பாடம்.

இதுக்கு நடுவுல நடந்த மூணு விஷயம்தான் ஆராய்ச்சிக்கு முக்கியம். 2001ல சயின்ஸ் பத்திரிகைல 23 பேர் சேர்ந்து ஒரு சின்ன கட்டுரை எழுதினாங்க, கேட்ஸ்ங்கறவரு மொத பேரு, சஸ்டெயினபிலிட்டி சயின்ஸ்னு தனியா ஒரு துறையே வேணும், இயற்கையும் மனுஷனும் எப்படி பின்னிக்கிட்டு இருக்குன்னு சேத்துப் பாக்கணும்னு. அது வரைக்கும் தண்ணிய பாக்கறவங்க தண்ணிய பாத்தாங்க, பொருளாதாரம் பாக்கறவங்க வேற பில்டிங்ல இருந்தாங்க. அடுத்தது 2009, ராக்ஸ்ட்ராமும் அவரோட ஆளுங்களும் பூமிக்கு, தாண்டினா ஆபத்துன்னு ஒன்பது எல்லைக்கோடு இருக்குன்னு நேச்சர்ல எழுதினது. 2023ல அதே வழில திரும்ப கணக்கு போட்டப்போ ஒன்பதுல ஆறைத் தாண்டிட்டோம்னு வந்துச்சு.

மூணாவதும் அதே 2009தான், எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு பொருளாதார நோபல், அந்தப் பரிசு வாங்கின மொத பொம்பள அவங்கதான். இத மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இது நம்ம ஊரு விஷயம். 1968ல ஹார்டின்ங்கறவரு, பொதுச் சொத்துன்னா ஆளாளுக்கு சுரண்டி அழிச்சிடுவாங்க, ஒன்னு அரசாங்கம் எடுத்துக்கணும் இல்ல தனியார்கிட்ட குடுக்கணும்னு எழுதிட்டாரு. ஆஸ்ட்ரோம் உலகம் பூரா மீன்பிடி, காடு, வாய்க்கால்னு ஊர் ஊரா இருக்கற உதாரணங்களை எடுத்து, இல்லப்பா, மக்களே விதி போட்டு நூத்துக்கணக்கான வருஷம் காப்பாத்தியிருக்காங்கன்னு காட்டினாங்க. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிப்பாசனம் இருக்கற எந்த ஊர்ல கேட்டாலும் பெரியவங்க சொல்வாங்க, நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பாரு, எந்த மதகு எப்போ தொறக்கணும், தண்ணி கம்மியா இருக்கற வருஷம் எந்த வயலுக்கு எத்தனை நாழி, எல்லாம் அவர் கைல. குடிமராமத்துன்னு ஊரே சேர்ந்து வரத்து வாய்க்கால வெட்டும். ஆனா அதை அப்படியே பொற்காலம்னு எழுதிடாதீங்க, பல ஊர்ல நீர்க்கட்டி வேலை தலித் மக்கள் தலைலதான் இருந்துச்சு, நிலமும் தண்ணி உரிமையும் வேற ஆளுங்ககிட்ட இருந்துச்சு. இந்த ரெண்டையும் சேத்து சொல்ற ஆய்வுதான் இன்னிக்கு மதிக்கப்படுது, "சமூகம் நல்லா பாத்துக்கும்"னு மட்டும் சொல்ற பேப்பருக்கு இப்போ ரிவ்யூவரே "எந்த சமூகம், அதுல யாரு"ன்னு கேட்டுடுவாரு.

இந்த "யாரு"ங்கற கேள்விய உலகத்துக்கு எடுத்துட்டுப் போனதுல இந்தியாவுக்கு பெரிய பங்கு உண்டு. 1991ல அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் டெல்லில சிஎஸ்ஈங்கற சுற்றுச்சூழல் ஆய்வு மையத்துல இருந்து ஒரு சின்ன புத்தகம் போட்டாங்க. ஒரு அமெரிக்க நிறுவனம் போட்ட கணக்குல நம்ம நெல் வயல்ல இருந்தும் மாட்டுகிட்ட இருந்தும் வர்ற மீத்தேனையும் அவங்க கார் புகையையும் ஒரே தட்டுல வச்சிருந்தாங்க. வயித்துப்பாட்டுக்கு வர்ற புகையும் சொகுசுக்கு வர்ற புகையும் ஒன்னாங்கறதுதான் இவங்க கேட்டது. 2022ல எகிப்துல நடந்த காலநிலை மாநாட்டுல இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதின்னு ஒத்துக்கிட்டாங்கல்ல, அதுக்கு பின்னாடி முப்பது வருஷமா ஓடற வாதத்துல இதுவும் ஒரு வேர். நாட்டுக்கு நாடு மட்டும் இல்லாம ஒரே நாட்டுக்குள்ள பணக்காரன் ஏழை யாரு எவ்ளோ புகை விடறாங்கன்னு பாக்கறது இப்போ வேகமா வளர்ற பகுதி. நம்ம ஊர்ல இதுல இறங்கினவங்க கம்மி.

இப்போ 2015க்கு அப்புறம் வாங்க. இங்கதான் உங்க கைடு கேட்ட ட்ரெண்டு இருக்கு. எஸ்டிஜி வந்த புதுசுல எல்லாரும் ஒரு இலக்க எடுத்துக்கிட்டு "ஆறாவது இலக்கும் தமிழ்நாடும்"னு, அதாவது தண்ணி இலக்க மட்டும் தனியா பாத்து, எழுதினாங்க. 2016ல நில்சன், கிரிக்ஸ், விஸ்பெக் மூணு பேரு நேச்சர்ல எழுதினது என்னன்னா, இலக்குங்க ஒன்னுக்கொன்னு உதவுதா இல்ல காலை வாருதான்னு பாருங்க, மைனஸ் மூணுல இருந்து ப்ளஸ் மூணு வரைக்கும் மார்க் போடுங்கன்னு. அடுத்த வருஷம் பிரதான்ங்கறவரோட குழு 200க்கு மேல நாடுகளோட டேட்டாவ எடுத்து பாத்துச்சு, வறுமைய ஒழிக்கற மொத இலக்கு பெரும்பாலும் மத்த எல்லாத்துக்கும் துணையா போகுது, பொறுப்பா உற்பத்தி பண்றது நுகர்றதுங்கற பன்னெண்டாவது இலக்குதான் அதிகமா மோதுதுன்னு வந்துச்சு. அதுக்கு அப்புறம் இந்த மோதலும் உதவியும் பத்தின ஆய்வு ஒரு வெள்ளமாவே வந்துடுச்சு. ஆனா பெரும்பாலும் நாட்டு அளவு டேட்டா. நாட்டு அளவுல ரெண்டு கோடு சேர்ந்து ஏறினா உதவி, ஒன்னு ஏறி ஒன்னு இறங்கினா மோதல்னு சொல்லிடறாங்க. தரையில ஏன் மோதுது, யாரு வீட்டுல மோதுதுங்கறது அந்தக் கோட்டுல தெரியாது.

உங்க வீட்டுல இருந்து வடக்க போனா மீஞ்சூர். அங்க பாருங்க, இந்த மோதல் மொத்தமும் ஒரே இடத்துல கெடக்கு. 1960கள்லேயே கொசஸ்தலையாறு, ஆரணியாறு படுகைல சென்னைக்கும் அந்தப் பக்கத்து தொழிற்சாலைங்களுக்கும்னு நிலத்தடி தண்ணிய எடுத்தாங்க. எடுத்த வேகத்துக்கு மழை ஈடு குடுக்கல, நல்ல தண்ணி மட்டம் கடல் மட்டத்துக்கு கீழ போனதும் கடல் தண்ணி மண்ணுக்குள்ளயே நகர்ந்து உள்ள வந்துடுச்சு. 1960கள் கடைசிலயே அது பதிவாகியிருக்கு, அப்புறம் பத்து பத்து வருஷமா அது கிலோமீட்டர் கணக்குல உள்ள போனத நிறைய பேர் அளந்திருக்காங்க. நகரத்துக்கு குடிதண்ணி, விவசாயிக்கு கரிக்கற கிணறு. தண்ணிக்கான ஆறாவது இலக்கு பசிய ஒழிக்கற ரெண்டாவது இலக்க மோதுது. சரி, தண்ணி பத்தலன்னு அதே பக்கம் காட்டுப்பள்ளில 2010ல கடல் தண்ணிய குடிதண்ணியாக்கற ஆலை வந்துச்சு, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த நேரத்துல இந்த மாதிரி ஆலைங்க இல்லன்னா நெலைமை இன்னும் மோசமா போயிருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா உலக அளவுல எடுத்த ஒரு கணக்குல, 2019ல வந்தது, ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு சராசரியா ஒன்றரை லிட்டர் அடர் உப்புத் தண்ணி வெளிய வருதுன்னு இருக்கு. அது கடலுக்குத்தான் போகும். அங்க அடி வாங்கறது கடல காக்கற பதினாலாவது இலக்கு. கடல் தண்ணிய சவ்வு வழியா தள்ளி உப்பு நீக்க ஆயிரம் லிட்டருக்கு மூணு நாலு யூனிட் கரன்ட் ஆகும், முழு அளவுல ஓடினா ஒரு நாளைக்கு மூணு நாலு லட்சம் யூனிட், அந்தக் கரன்ட் நிலக்கரில இருந்து வந்தா காலநிலைக்கான பதிமூணாவது இலக்கு அடி வாங்கும். அந்த நிலக்கரி சாம்பல் எண்ணூர் முகத்துவாரத்துக்கு என்ன பண்ணுச்சுன்னு உங்க ஏரியா மீனவங்களை விட யாருக்கும் தெரியாது.

பாத்தீங்களா, மண்ணுக்கு அடில கடல் தண்ணிய வரவச்ச அதே தாகம்தான் மேல ஆலையையும் வரவச்சிருக்கு. இந்த சங்கிலிய ஒரு முனைல இருந்து இன்னொரு முனை வரைக்கும் ஒரே ஆய்வுல புடிச்சா அது உலக அளவு ஆராய்ச்சி. தலைப்புல உலகம்னு போட்டாத்தான் உலக அளவுன்னு இல்ல.

சாட்டிலைட்டும் ஏஐயும் பத்தி கேட்டிருந்தீங்க. அது உண்மையாவே பெரிய மாற்றம், வெறும் வார்த்தை இல்ல. கிரேஸ்னு ரெண்டு சாட்டிலைட் 2002ல விட்டாங்க, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளில ஒன்னு பின்னாடி ஒன்னு 2017 வரைக்கும் போச்சு, இப்போ அதே முறைல கிரேஸ்-எஃப்ஓன்னு அடுத்த ஜோடி போகுது, கீழ நிலத்தடி தண்ணி குறைஞ்சா அந்த இடத்தோட ஈர்ப்பு விசை துளியூண்டு மாறும், அதனால ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரமும் துளி மாறும், அத அளந்தே தண்ணிய கணக்கு போடறாங்க. அப்படித்தான் 2009ல ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானால ஆறு வருஷத்துல 109 கன கிலோமீட்டர் நிலத்தடி தண்ணி போயிருக்குன்னு நேச்சர்ல வந்துச்சு. 2016ல சயின்ஸ்ல வந்த இன்னொன்னு, ஆப்பிரிக்காவுல அஞ்சு நாடுகளோட சாட்டிலைட் படத்துல கூரை, ரோடு, ராத்திரி வெளிச்சம் இதெல்லாம் மெஷினுக்கு கத்துக் குடுத்து எந்த ஊர் ஏழை ஊர்னு கணிச்சது. சர்வே எடுக்க காசு இல்லாத நாட்டுக்கு இது வரப்பிரசாதம். 2020ல ஏஐ பத்தி வின்யூசாங்கறவரோட குழு 169 டார்கெட்டையும் ஒவ்வொன்னா அலசி, 134க்கு உதவலாம், 59க்கு தடையாவும் இருக்கலாம்னு சொன்னாங்க, ஆளுக்கு ஆள் அந்த மொத நம்பர மட்டும்தான் எடுத்து போடறாங்க.

ஆனா தங்கச்சி, கிரேஸ் சாட்டிலைட்டுக்கு மீஞ்சூர் தெரியாது. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தைத்தான் அது ஒரு புள்ளியா பாக்கும். எந்த மாடலா இருந்தாலும் கடைசில தரையில ஒருத்தர் கிணத்துல கயிறு விட்டு அளந்த நம்பரோட ஒப்பிட்டுத்தான் சரியா தப்பான்னு சொல்ல முடியும். அந்த நம்பர் எடுக்கற ஆள்தான் இப்போ உலகம் பூரா பத்தல. மாடல் ஓட்ட லேப்டாப் இருக்கறவங்க நிறைய இருக்காங்க.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா எனக்கு நடந்தது. நான் புதுசா சேர்ந்த நேரம், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலை கழிவு ஏறின கிணறுங்கள்ல சாம்பிள் எடுக்கப் போனோம். சென்னைல இருந்து ராத்திரி பஸ், விடியக்காலைல இறங்கி ஏழு மணில இருந்து பத்து மணிக்குள்ள எல்லா கிணத்துலயும் எடுத்துட்டு மத்தியானம் திரும்பிடுவோம், ஐஸ் பெட்டி உருகறதுக்குள்ள லேபுக்கு வரணும்ல. நாலஞ்சு மாசம் அப்படியே ஓடுச்சு. ஒரு நாள் ஒரு பாட்டி, அவங்க வீட்டு கிணத்துல நான் மீட்டர விட்டு நம்பர் எழுதிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து, "ஏம்மா எப்பப் பாத்தாலும் காலைலயே வர்ற, சாயங்காலம் வந்து ஒரு வாய் குடிச்சுப் பாரு"ன்னாங்க. ஏன் பாட்டின்னேன். "காலைல குடிக்கலாம், மோட்டார் ஓடி முடிஞ்சா கரிக்கும், நான் காலைலயே நாலு கொடம் எடுத்து மூடி வச்சிடுவேன்"ன்னு சொல்லி திண்ணைல வெள்ளத் துணி கட்டி வச்சிருந்த பித்தளைக் கொடத்த காட்டினாங்க. அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் இருந்து எடுத்தேன். அவங்க சொன்னதுதான். பகல் பூரா மோட்டார் இழுக்கும்போது அடில இருக்கற உப்புத் தண்ணி மேல ஏறுது, ராத்திரி ஓய்வுல மேல் தண்ணி கொஞ்சம் ஊறி வந்து சேருது. நாங்க எழுதி வச்சிருந்த நாலஞ்சு மாச டேட்டாவும் அந்த ஊரோட நல்ல நேரத்த மட்டும் காட்டுச்சு. எங்க பஸ் டைம்தான் எங்க முடிவையே தீர்மானிச்சிருக்கு. மொத்தமும் திரும்ப எடுத்தோம்.

ஆய்வு பண்றவங்களும் அந்த இடத்துல வாழறவங்களும் சேர்ந்து கேள்வியவே உருவாக்கறதுன்னு இப்போ ஜர்னல் ஜர்னலா பேசறாங்க, இங்கிலீஷ்ல அதுக்கு கோ-ப்ரொடக்ஷன்னு பேரு, இது இந்தத் துறைல இப்போ ரொம்ப வலுவா வந்துக்கிட்டு இருக்கற போக்கு. எனக்கு அது அந்தப் பாட்டி கொடம்தான். எண்ணூர் மீனவங்ககிட்ட போனா கச்சான், கொண்டல், வாடைன்னு காத்துக்கு ஒரு பேரு, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குது, அதுக்கு எந்த மீன் கரைக்கு வரும்னு நாள் கணக்கு சொல்வாங்க. அந்த உப்புத் தண்ணி கடல்ல எந்த மாசம் எந்தப் பக்கம் போகும்னு நீங்க மாடல் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க, கேட்டத பேப்பர்லயும் அவங்க அறிவுன்னு சொல்லி எழுதுங்க. வெளிநாட்டுல இருந்து வந்து ரெண்டு வாரம் சாம்பிள் எடுத்துட்டு போய் பேப்பர் போடறத பாராசூட் சயின்ஸ்னு திட்டறாங்க, திட்டறது சரிதான், ஆனா தரமணில இருந்து வாணியம்பாடிக்கு போய் மத்தியானம் திரும்பறதும் அதே வகைதான்.

அதே தோல் தொழிற்சாலை விஷயத்துல இன்னொன்னும் சொல்லணும், ஏன்னா ஆராய்ச்சி எங்க போய் சேரும்னு உங்களுக்குத் தெரியணும். 1996 ஆகஸ்ட்ல வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. நீடித்த வளர்ச்சிங்கறதும், அசுத்தம் பண்ணவங்களே செலவ ஏத்துக்கணும்ங்கறதும், ஆபத்துன்னு தெரிஞ்சா முழு ஆதாரம் வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கறதும் இந்த நாட்டு சட்டத்தோட பகுதின்னு தெளிவா சொன்ன தீர்ப்பு அது. பாலாத்தங்கரைல இருந்து போன வழக்கு. அந்தத் தீர்ப்புக்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த ஒரு ஆரம்பகட்ட சர்வே இருக்கு, சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ விவசாயத்துக்கு ஆகாம போச்சுன்னு. எந்தப் பெரிய ஜர்னல் பேப்பரும் இல்ல, ஒரு உள்ளூர் சர்வே.

பெரிய இலக்குங்க உண்மையிலேயே எதையாவது மாத்துதாங்கறதும் இப்போ ஒரு பெரிய கேள்வி. 2022ல பியர்மான்ங்கறவரு தலைமைல உலகம் பூரா இருந்து ஆளுங்க சேர்ந்து எஸ்டிஜியோட அரசியல் தாக்கம் பத்தி 3,000க்கு மேல ஆய்வுகள அலசினாங்க. பேச்சு மாறியிருக்கு, சட்டமும் பட்ஜெட்டும் பெருசா மாறலன்னு முடிவு. 2024 ஐநா அறிக்கைல கணக்கு பாக்க முடிஞ்ச டார்கெட்டுங்கள்ல 17 சதவீதம்தான் சரியான பாதைல போகுதுன்னு இருக்கு. படிக்கறப்போ மனசு கஷ்டமாத்தான் இருக்கும். 2030க்கு அப்புறம் என்ன, 2050 வரைக்கும் நீட்டலாமாங்கற வாதமும் 2024லயே நேச்சர்ல வந்தாச்சு, நீங்க தீசிஸ் குடுக்கற நேரம் அதுதான் சூடா இருக்கும்.

எல்லாரும் கேக்க விரும்பற பதில் வேற, டேட்டா சொல்ற பதில் வேறன்னு வந்தா என்ன பண்றதுங்கறதுக்கு நம்ம சென்னையே உதாரணம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழை, தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர். எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கீழ் வீட்டுக்காரங்க மூணு நாள் எங்க ஹால்ல இருந்தாங்க. அடுத்த வருஷம் ஒரு சர்வதேசக் குழு, ஒரு குறிப்பிட்ட மழைக்கோ வெயிலுக்கோ காலநிலை மாற்றம் எவ்ளோ காரணம்னு கணக்கு போடற ஆளுங்க, அந்த ஒரு நாள் மழைய ஆராய்ஞ்சு, புவி வெப்பமாதலோட தாக்கம் இதுல கண்டுபிடிக்கற அளவுக்கு இல்ல, காத்துல இருக்கற புகை தூசி அத மறைச்சிருக்க வாய்ப்பு இருக்குன்னு எழுதினாங்க. அதுக்கு காலநிலை மாற்றம் பொய்னு அர்த்தமே இல்ல. அந்த நாளைக்கு, அந்த ஊருக்கு, அந்த டேட்டாவுல இதான் பதில். அப்போ அவ்ளோ சேதம் ஏன்னு கேட்டா கண்ண தரைக்கு கொண்டு வரணும், பள்ளிக்கரணைல எவ்ளோ மூடினோம், வேளச்சேரில ஏரி எங்க போச்சு, அடையாத்துக்கு இடம் எங்க. பள்ளிக்கரணைக்கு 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற ராம்சர் அந்தஸ்து கெடைச்சிருக்கு, சந்தோஷம், ஆனா அந்த எல்லைக்கு வெளிய தண்ணி வர்ற வழி என்ன ஆச்சுங்கறது இன்னும் ஆள் கேட்டுக்கிட்டு இருக்கற தலைப்பு. இந்த மாதிரி காரணத்த பிரிச்சுப் பாக்கற ஆய்வு இப்போ வேகமா வளருது, கணக்கு வரும்னா தைரியமா இறங்கலாம்.

வெயில் இன்னொன்னு. வெளில நின்னு வேலை செய்யறவங்க உடம்புக்கு வெப்பம் என்ன பண்ணுதுங்கறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள்கிட்ட வெப்ப அழுத்தத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சேத்து ஆராய்ஞ்சு சென்னை ஆராய்ச்சியாளர்களே நல்ல வேலை பண்ணியிருக்காங்க. பக்கத்துல கழிவறை இல்லாததால பொம்பளைங்க தண்ணியே குடிக்காம வேலை செய்யறாங்க பாருங்க, சுகாதாரம், பெண்கள், வேலை, காலநிலை நாலு இலக்கு ஒரே உடம்புல.

இப்போ கைடு சொன்ன வேலைக்கு வர்றேன், அதையும் பண்ணித்தான் ஆகணும். ஸ்கோபஸ்ல இருந்து டேட்டா இறக்கி விஓஎஸ்வியூவர்ல போட்டா எந்த வார்த்தை எதோட சேர்ந்து வருதுன்னு கலர் கலரா வலை வரும், இலவச சாஃப்ட்வேர், ரெண்டு நாள்ல கத்துக்கலாம். ஆர்ங்கற ப்ரோக்ராமிங் மொழி தெரிஞ்சா அதுல இதே வேலைக்கு பிப்லியோமெட்ரிக்ஸ் இருக்கு. ஆனா அந்த வலைய பாத்து டாபிக் எடுக்காதீங்க. அது ஏற்கெனவே கூட்டம் சேர்ந்த இடத்தைத்தான் பெருசா காட்டும். அதுவும் எந்த பேப்பர் எஸ்டிஜி பேப்பர்ங்கறதுலயே ஒத்த கருத்து இல்ல. பெர்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2020ல ஒரு சோதனை பண்ணாங்க, அவங்களோட தேடல் முறையும், ஸ்கோபஸ நடத்தற எல்செவியர் பதிப்பகத்தோட முறையும் ஒரே இலக்குக்கு ஓட்டிப் பாத்தா ரெண்டுலயும் பொதுவா வந்த பேப்பர் கொஞ்சம்தான். அதனால தேடின வார்த்தை என்ன, தேதி என்ன, எதை விட்டீங்கன்னு ஒன்னு விடாம எழுதி வைங்க. இன்னொன்னு, வெறும் இந்த வலைப்படத்தையே ஒரு பேப்பரா போட்டுடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த மாவு அரைச்சு அரைச்சு புளிச்சே போச்சு. ஸ்பெஷல் இஷ்யூவுக்கு கூப்பிட்டு வர்ற மெயில்லயும் ஜாக்கிரதை, 2023 மார்ச்ல ஸ்கோபஸ் மாதிரியே இருக்கற வெப் ஆஃப் சயின்ஸ் 50க்கு மேல ஜர்னல்கள லிஸ்ட்ல இருந்தே தூக்கிடுச்சு, அதுல காசு கட்டி போட்டவங்க நெலைமைய யோசிச்சுப் பாருங்க. படிக்கறதுக்கு கஷ்டப்பட வேண்டாம், 2025ல இருந்து ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டற ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் வந்தாச்சு, அரசுப் பல்கலைக்கழகம்னா லைப்ரரில கேட்டு லாகின் வாங்கிக்கோங்க.

டாபிக்குக்கு என் யோசனை நேரா சொல்லிடறேன். மீஞ்சூர்ல இருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் ஒரு பத்து பன்னெண்டு கிணறு, ரெண்டு மூணு மீனவ குப்பம். உப்பு எங்க ஏறியிருக்கு, அதனால யாரு விவசாயத்த விட்டாங்க, யாரு கேன் தண்ணி வாங்கறாங்க, மாசம் எவ்ளோ செலவு, கடல்ல மீனவங்க பாக்கற மாற்றம் என்ன, இத இலக்கு மோதலா வச்சு எழுதினா கைடு கேட்ட ட்ரெண்டும் அதுல இருக்கும், உங்க ஊரும் இருக்கும். சேர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற ஒரு சாதா டிடிஎஸ் மீட்டர், ஒரு அளவு டேப், ஒரு நோட்டு போதும். வடகிழக்கு மழை புடிக்கறதுக்கு முன்னாடி, செப்டம்பருக்குள்ள ஒரு ரவுண்டு எடுத்துடுங்க. மழை முடிஞ்சு ஜனவரில அதே கிணறுங்கள்ல இன்னொன்னு. காலைலயும் எடுங்க, சாயங்காலமும் எடுங்க.